ஒன்பது மெயிலில் ஒரு முகம்

ஹலோ... ஆமா, ராஹில்தான் பேசுதேன்... யாரு?... கொஞ்சம் சத்தமா பேசுங்க, கெணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கு... கிறிஸ்டோவா? வடாலா அனிஷாக்காவோட தம்பியா?... அய்யோ. ஏக் மினிட். வெச்சிராதீங்க, நான் மாடிக்குப் போயிருதேன்.

மும்பை தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ராஹிலின் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. நடுவில் ஏணி போல நிமிர்ந்த இரும்புப் படி. சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி. கீழே அம்மா மறுநாள் இட்லி வியாபாரத்துக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். ராஹில் போனோடு மேலே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருக்கும் தன் தம்பிக்கு, வடாலாவில் இருக்கும் அனிஷா அவளைப் பெண் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. அவனும் அவளும் பேசிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

ம், இப்ப சொல்லுங்க... நல்லா இருக்கேன். நீங்க?... சரி... சரி... இப்ப கப்பல் எங்க நிக்குது?... மொசாம்பிக் பக்கமா? மேப்லதான் தேடணும்... எத்தன நிமிசம் தந்திருக்காவ?... இருபதா? கேப்டன் ரூம் போனா? அப்ப நலம் விசாரிச்சது போதும். மெயில் வந்துட்டா?

...ஆங்... ஆங்... இல்ல, பூனை கீபோர்டுல நடந்ததில்ல. எங்க வீட்ல பூனையே கெடையாது... மந்திரமா? ஞாயித்துக்கெழம தவறாம வேதக் கோயிலுக்குப் போறவ மந்திரம் எழுதி அனுப்புவேனா?... அதுக்குத்தான் முதல் மெயில்லயே வெவரமா எழுதியிருந்தேனே. நல்ல தமிழ்ல, ரெண்டு பக்கத்துக்கு... எப்படி வந்துச்சு?

...கேள்விக்குறியாவா? ரெண்டு பக்கமுமா?... மொத்தமும் கேள்விக்குறியா?... அய்யய்யோ. பொண்ணு இப்பவே இத்தன கேள்வி கேக்காளேன்னு பயந்துட்டீங்களா... சிரிக்காதீங்க. ஒங்க கப்பல் மெயிலுக்கு தமிழ் தெரியாதுன்னு எனக்கு என்ன தெரியும்? இங்கிலீஷ் எழுத்த மட்டும்தான் அது எழுத்தா மதிக்கும்போல. மத்தத பூரா கேள்விக்குறியா ஆக்கிரும்... அப்புறம் அக்கா சொல்லித்தான் இங்கிலீஷ் எழுத்துல தமிழ எழுதி ரெண்டாவது அனுப்புனேன். அது வந்துட்டுலா?... நேத்துதான் வந்துச்சா. சரி.

ஆமா. அந்த ஒம்போது மெயிலும் சேந்தாத்தான் என் போட்டோ.

...நெசமாத்தான். அக்கா மூணு தடவ போட்டோ அனுப்புனாவ. மூணு தடவையும் ஒங்க கப்பல் போட்டோவ உருவி எடுத்துட்டு வெறும் மெயிலத்தான் ஒங்களுக்குத் தந்திருக்கு. கப்பல்ல பெரிய சாட்டிலைட் டிஷ் ரிப்பேரு, எழுத்து மட்டும்தான் போகும், அதுவும் சின்னச் சின்ன மெயிலாத்தான் போகும்னு அக்கா சொன்னாவ. எழுத்து மட்டும்தான் போகும்னா போட்டோவ எழுத்தா ஆக்கிருவோம்னு நான்தான் சொன்னேன்... வேல எங்கயா? செம்பூர்ல ஒரு லேப். ரத்தம், மூத்திரம் டெஸ்ட் பண்ற எடம். ரிப்போர்ட்ட மெயில்ல அனுப்புறது என் வேல. அது போய்ச் சேராம திரும்பி வந்து வந்துதான் இதெல்லாம் படிச்சேன்... ஆமா, தனியாத்தான். பயங்கரமான படிப்பு இல்ல இது.

...எப்படின்னா... போட்டோங்கறது கம்ப்யூட்டருக்கு வெறும் நம்பர். அதுல பாதி நம்பர் மெயிலுக்குப் புரியாது. சிலத முழுங்கிரும், சிலதப் பாத்துட்டு இதோட முடிஞ்சுட்டுன்னு நின்னுரும். எங்க வீட்டுப் படில பீரோ ஏறாது பாத்துக்கிடுங்க. போன வருசம் வாங்கினப்ப பலகை பலகையா கழட்டி, நம்பர் போட்டு, மேல கொண்டாந்துதான் மாட்டினாவ. இப்ப அது மேலதான் சாஞ்சிட்டு பேசுதேன். ஒரு ஸ்க்ரூ குறையல. அதே மாதிரிதான். இங்கிலீஷ்ல பெரிய ஏ-லேர்ந்து இசட் வரைக்கும் இருபத்தாறு, சின்னது இருபத்தாறு, பூஜ்யத்துலேர்ந்து ஒம்போது வரை பத்து, ஒரு கூட்டல், ஒரு சாய்கோடு. அறுபத்திநாலு. இதுல எதப் பாத்தும் எந்த மெயிலும் மெரளாது. போட்டோல மூணு நம்பர எடுத்தா இங்க நாலு எழுத்து...

ஆமா, வீங்கும். மூணு பங்கு நாலு பங்காயிரும். அதனாலதான் ஒம்போது மெயில். இல்லன்னா ஏழுல முடிஞ்சிருக்கும்... இல்ல, என் மூஞ்சி பெரிசுங்கறதால இல்ல.

...சரி, செஞ்சு பாத்தீங்களா? நோட்பேட்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ஒட்டி, கமாண்ட் அடிக்கற அந்தக் கருப்பு விண்டோல நான் எழுதித் தந்த வரிய அடிச்சு... அடிச்சீங்களா? வந்துச்சா?

...பாதியா?

...எதுவரைக்கும்?... தலமுடி... நெத்தி... கண்ணு. அப்புறம்?... மூக்குக்குக் கீழ சாம்பல் கலரா?... கண்ணு ரெண்டும் தெளிவா இருக்கா. ம்... ம்... சரி, போதும் விடுங்க, அதுல அப்படி ஒண்ணுமில்ல... தேங்க்ஸ்.

...என்னது, போதுமா? எது போதும்?... கண்ணப் பாத்ததே போதுமா?

இல்ல. போதாது. இங்க பாருங்க, நீங்க நல்லதா சொல்லணும்னு சொல்லுதீங்க, எனக்குப் புரியுது. ஆனா எனக்கு அது போதாது. முழுசா பாத்துட்டுத்தான் நீங்க ஏதாவது சொல்லணும். அதுக்கு முன்னாடி ஒங்க வாயிலேர்ந்து ஆமான்னும் வரக் கூடாது, இல்லன்னும் வரக் கூடாது... ஒரு காரணம் இருக்கு... அக்கா ஒண்ணும் சொல்லலியா?... நான் சொல்லச் சொன்னேனே. சரி, அவங்களுக்கு மனசு வரல போல.

...இல்ல, நானும் வாயால சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க அத பெரிசாவும் நெனைக்கலாம், சின்னதாவும் நெனைக்கலாம். அதுக்குத்தான் இவ்வளவு பாடு. உள்ளது உள்ளபடி வந்து சேரணும். ஒரு புள்ளி கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

எத்தன மெயில் ஒட்டினீங்க? எண்ணிச் சொல்லுங்க... எட்டு. எது இல்ல? சப்ஜெக்ட்ல நம்பர் போட்டிருக்கேன் பாருங்க... அஞ்சு இருக்கா?... அடுத்து ஏழா? ஆறாவது எங்க?... வரலியா? இங்கேர்ந்து போயிட்டே... யாரு எடுத்து வெச்சிருக்கா?... கேப்டனா? எதுக்கு?... ரகசியச் செய்தின்னா? யாருக்கு யாரு ரகசியம் அனுப்புறது?... ஒங்கள கூப்ட்டு விசாரிச்சாவளா? எழுதிக் குடுக்கச் சொன்னாவளா?... வேலைக்கு ஒண்ணும் ஆகிராதுலா?... ஆபீசுக்கு ரிப்போர்ட் போகுமா?

...டென்ஷன் ஆகாதீங்க. அவரு அங்கதான் இருக்காவளா? போன அவருகிட்ட குடுங்க... பரவால்ல, நான் பேசுதேன். தப்பு நான் செஞ்சதுதான... குடுங்க.

ராஹில் பீரோவில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். லேபில் டாக்டர்களோடு பேசும் குரல் தானாக வந்தது.

குட் ஆஃப்டர்நூன் சார். மை நேம் இஸ் ராஹில், சார், ஐ ஆம் காலிங் ஃப்ரம்... இல்ல, ஐ ஆம் நாட் காலிங், ஹி இஸ் காலிங்... சார், தமிழா நீங்க?... காயல்பட்டணமா? கேப்டன் சலாவுதீனா? வணக்கம் சார். எங்க அப்பாவுக்கு தூத்துக்குடி பக்கம் சார். நான் பொறந்தது, வளந்தது எல்லாம் தாராவிதான்.

...ஆமா சார், நான்தான் அனுப்புனேன்... ஒம்போதும் நான்தான் சார்... இல்ல சார், அது ரகசியமே இல்ல. பூட்டு இல்லாத பொட்டி சார் அது. யாரு வேணாலும் தெறக்கலாம். ரகசியமா அனுப்பணும்னா அதுக்கு வேற வழி இருக்கு, அது இது இல்ல... எழுத்து மட்டும் போகுதுன்னதால போட்டோவ எழுத்தா மாத்துனேன், அவ்வளவுதான். ஒங்க கம்ப்யூட்டர்லயே, நெட் இல்லாமலே திருப்பி மாத்தலாம் சார்.

...சரி சார். ஆனா ஆறாவத மட்டும் ஏன் சார் எடுத்து வெச்சீங்க?... என்ன எழுதியிருக்கு?... பி, ஓ, எம், பி... 'பாம்'னா?

...ஸாரி சார், நான் சிரிக்கல. சிரிக்கல சார். சார், ஒரு மெயில்ல பத்தாயிரம் எழுத்து இருக்கு. ஏதாவது நாலு சேந்து வரத்தான் செய்யும். பொறுமையா தேடுனா ஒங்க பேரு கூட அதுல துண்டு துண்டா கெடைக்கும் சார்... எந்த எடமா? கணக்குப் பாத்தா அது என் தாடைல எங்கயோ இருக்கணும் சார்.

...நீங்க சொல்றது சரிதான் சார். கப்பல்ல இருபத்திரெண்டு பேரு உயிரு. நீங்க பாக்காம விட்டாத்தான் தப்பு. நான் முன்னாடியே ஒங்களுக்கு ஒரு மெயில் போட்டிருக்கணும், அது எனக்குத் தோணல... ஒங்க ஃபிட்டரு மேல ஒரு தப்பும் இல்ல சார். அவங்களுக்கு இது என்னன்னே நேத்து வரைக்கும் தெரியாது. அவங்க பேர எங்கயும் எழுதிராதீங்க. எழுதணும்னா என் பேர எழுதுங்க, என் லேப் அட்ரஸ் தாரேன்.

...கல்யாணமா? அது இன்னும் முடிவாகல சார். ஒங்க கைல இருக்க அந்த மெயில்லதான் நிக்குது.

...தேங்க்ஸ் சார்... ரொம்ப தேங்க்ஸ்... சரி சார், கண்டிப்பா சொல்லுதேன்... சரி. போன அவங்ககிட்ட குடுங்க சார்.

ஹலோ... ஆமா, விட்டுட்டாவ. நல்ல மனுசன்தான்... இன்னும் எத்தன நிமிசம்?... எட்டு. போதும். இப்ப நான் சொல்றத மட்டும் செய்யுங்க. ஆறாவத தெறங்க. முதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் காப்பி பண்ணுங்க. மேல நான் எழுதின 'ஹலோ' வேண்டாம், அத விட்ருங்க. அஞ்சு முடியற எடத்துல, ஏழு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. அங்கதான் அதுக்கு எடம். கடைசில ஒட்டினா வாய் ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம்னு வந்துரும்... மெதுவா செய்யுங்க. நான் இருக்கேன்.

யம்மா, இந்தா வாரேன்... ஒண்ணுமில்லம்மா, ஆபீஸ் போன்... ஆமா, சனிக்கெழமயும்தான். நீ அந்த உளுந்த ஊறப் போடு, நான் வந்து அரைக்கேன்.

...இல்ல, ஒங்ககிட்ட இல்ல, அம்மாட்ட சொன்னேன். நீங்க உளுந்து ஊறப் போட வேண்டாம்... ஒட்டியாச்சா? சேவ் பண்ணுங்க. கருப்பு விண்டோல மறுபடி அதே வரி... என்ன வருது?... எர்ரரா? நேத்து எட்ட வெச்சு செய்யும்போது வரலியே. வேற எதையாவது தொட்டீங்களா?... கடைசில என்ன அழிச்சீங்க?... ரெண்டு ஈக்குவல் குறியையா? ஏன்?

...கணக்குக்கு விடை எழுதாம விட்ட மாதிரி இருந்துச்சா... அரே, அது கணக்கில்ல. மூணு மூணா எடுத்துட்டு வந்தேம்லா, கடைசில ஒரே ஒரு நம்பர்தான் மிச்சம். மீதி ரெண்டு எடம் காலி. காலின்னு காட்டத்தான் ரெண்டு ஈக்குவல். அது இல்லன்னா எங்க முடியுதுன்னு அதுக்குத் தெரியாது... ஆமா, காலி எடத்தையும் சொல்லித்தான் ஆகணும். திருப்பிப் போடுங்க... ரெண்டுதான். மூணு போட்ராதீங்க... அடிச்சுப் பாருங்க.

...ஆயிட்டா? எர்ரர் இல்லியே?

ஏக் மினிட். தெறக்காதீங்க. கேப்டன் பக்கத்துல நிக்காவளா?... அவர கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்ல முடியுமா? மரியாதக் குறைவா இல்ல... அவரே போயிட்டாவளா. சரி.

தெறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. மூணு வருசம் முன்னாடி ஒரு எடம் வந்துச்சு. பாண்டுப்பிலேர்ந்து. எங்க மாமா மாட்டுங்கால ஒரு ஸ்டுடியோவுல என்ன போட்டோ எடுக்க வெச்சு, அந்த ஆளுட்ட சொல்லி எல்லாத்தையும் சரி பண்ணச் சொல்லிட்டாரு. அழகாத்தான் இருந்துச்சு. அது நான் இல்ல, அவ்வளவுதான். அவங்க வீட்டோட வந்து, இந்தப் படியேறி மேல வந்து உக்காந்து, என்னப் பாத்தாவ. அந்தப் பையன் தலையக் குனிஞ்சவன் குனிஞ்சவன்தான். அவங்க அம்மா கேசரித் தட்ட தொடாம கீழ வெச்சுட்டு, எங்க அம்மாட்ட, பொய்ப் போட்டோ குடுத்து எங்கள வரவழைச்சிட்டீங்கன்னு சொல்லிட்டுப் போனாவ. அவங்க சொன்னதுல தப்பில்ல. எங்க அம்மா ஒரு வாரம் யார்ட்டயும் பேசல.

...இல்ல, அழல. சும்மா சொல்லுதேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அடுத்தது யாரா இருந்தாலும் நானே எடுத்த போட்டோவ, நானே, ஒண்ணும் மாத்தாம அனுப்பணும்னு. இது லேப் ஜன்னல் பக்கத்துல நின்னு எடுத்தது. பவுடர் கூட போடல. துப்பட்டாவ வேணும்னேதான் எடுத்துட்டேன்.

ம். இப்ப தெறங்க.

மறுமுனையில் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. கீழே அம்மா குழாயைத் திறந்து மூடினாள். ராஹில் போனைக் காதிலிருந்து எடுத்து லைன் இருக்கிறதா என்று பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

...இருக்கீங்களா?

...முழுசா வந்துட்டா?... சாம்பல் கலரு எங்கயும் இல்லியே?... இடது பக்கம் தாடைலேர்ந்து கீழ வர... ஆமா. கழுத்தோட போயி தோள்பட்ட வரைக்கும். ஆமா, அதுதான்... சரியாத்தான் வந்திருக்கு. நெறமும் அதேதான்.

...அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போது. அம்மா எறக்கி வெச்ச இட்லிக் கொப்பரைய நான் இழுத்துட்டேன். கொதிக்கற தண்ணி. அம்மா பக்கத்துக் கடைக்குப் போயிருந்தா. அவ மேல தப்பில்ல, ஆனா இன்னைக்கும் அவ அத ஒத்துக்கிட மாட்டா...

என்ன கேட்டீங்க?

...சரியா கேக்கல, திருப்பிச் சொல்லுங்க.

...வலிக்குமான்னா?

...இல்ல. ஒண்ணுமில்ல, ஒரு நிமிசம்... இருங்க.

...இப்ப வலிக்காது. டிசம்பர்ல தோல் கொஞ்சம் இழுக்கும், எண்ண தடவுனா சரியாயிரும்... இல்ல, இருங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். எப்படி ஆச்சுன்னு கேப்பாவ, ஏன் ஆபரேசன் பண்ணலன்னு கேப்பாவ, எவ்வளவு தூரம் இருக்குன்னு கூட ஒருத்தி கேட்டிருக்கா. வலிக்குமான்னு யாரும் கேட்டதில்ல. அதான் கொஞ்சம்... ஆமா. கண்ணத் தொடச்சிட்டேன். சொல்லுங்க.

...என்ன?... நீங்க என்ன மறைக்கிறீங்க?... அக்கா தந்த போட்டோலயா? அதுல நீங்க தொப்பி, கூலிங் கிளாஸ், பின்னாடி ஒரு பெரிய கொடிமரம். ஒங்களவிட அதுதான் நல்லா தெரிஞ்சுது... தொப்பிக்குக் கீழ என்ன?

...வழுக்கையா?

...எவ்வளவு? மத்லப், அதாவது எட்டணாக் காசு அளவா, இல்ல தோசக்கல்லு அளவா?... ரெண்டுக்கும் நடுவுலயா. நடுவுலன்னா எதுக்குப் பக்கம்?... சரி, சரி, தோசக்கல்லுன்னே வெச்சுக்கிடுதேன். முப்பத்தொண்ணு வயசுலயா?... எஞ்சின் ரூம் சூடா? அனிஷாக்கா எவ்வளவு தெறமசாலி பாருங்க, எம் பக்கம் மூச்சு விடல, ஒங்க பக்கமும் மூச்சு விடல.

...அதெல்லாம் பரவால்ல. பரவால்லன்னா பரவால்லதான்... சிரிச்சா அப்படித்தான் இருக்கும் என் சிரிப்பு.

எத்தன நிமிசம் இருக்கு?... ரெண்டா... ம். சொல்லுங்க... ம்...

...நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா? பாவம் பாத்து சொல்லலியே?... ம்... ம். கேட்டுட்டேன். திருப்பிச் சொல்ல வேண்டாம், கேட்டுட்டு.

...அக்காட்ட நீங்களே மெயில் போடுங்க. இல்ல இல்ல, அத எழுத்தா மாத்தாதீங்க, அது ஏற்கனவே எழுத்துதான. சாதாவா எழுதுங்க. இங்கிலீஷ் எழுத்துல, சம்மதம், அவ்வளவு போதும். தமிழ்ல எழுதி கேள்விக்குறியா வந்துச்சுன்னா அக்கா பதறிருவாவ.

...என் பதிலா? நான் இன்னும் சொல்லலியா?... இவ்வளவு நேரம் பேசினது பதில் இல்லியா?... வாயால சொல்லணுமா... சரி. எனக்கும்...

ஹலோ?... கிறிஸ்டோ?... லைன்ல இருக்கீங்களா? எனக்கும் சம்மதம். கேட்டுச்சா?... எனக்கும் சம்மதம்னு சொன்னேன்... ஹலோ?

லைன் அறுந்திருந்தது. மொசாம்பிக் பக்கம் போகாத அந்தக் கடைசி வார்த்தை, அவள் கத்திச் சொன்னதில், இரும்புப் படி வழியாகக் கீழே இறங்கிப் போயிருந்தது. உளுந்து களையும் சத்தம் நின்றுபோயிற்று. அம்மா ஈரக் கையோடு படியின் அடியில் வந்து நின்று, மேலே பார்த்து, "ஏட்டி, ஆபீஸ் போனா இது?" என்றாள்.